பள்ளிக்கூட வாசலில் காத்து நிற்கும் அம்மம்மாமாருக்கும் அப்பப்பாமாருக்கும்

ஸ்காபரோ,
ஐப்பசி மாதம்.

அன்புள்ளவர்களுக்கு,

ஸ்காபரோவில் எந்தப் பள்ளிக்கூடத்தை எடுத்தாலும் பின்னேரம் மூன்று மணிக்கு வாசலில் நிற்பது நாங்கள்தான். மகனுக்குச் சிறுத்துப்போன ஜக்கெற், அதற்குள்ளே சேலை, காலில் மருமகள் வாங்கித் தந்த சப்பாத்து, கையில் பேரப்பிள்ளைக்கு ஒரு வாழைப்பழம். மணி அடிக்கும் வரை கதைப்பதற்கு எங்களுக்கு விஷயம் குறைவதில்லை. முழங்கால் வலி, ஊரில் ஆர் செத்தது, சுப்பர் விசா, தேங்காய் விலை. புரட்டாதி கடைசியானால் இவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும். "என்ன, இந்த முறை அல்கொன்குயின் போனீங்களோ?"

போனவர்கள் போனில் படம் காட்டுவார்கள். போகாதவர்கள், "பிள்ளையளுக்கு லீவு இல்லை" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கதையை மாற்றுவார்கள். இந்த மடல் முக்கியமாக அந்த இரண்டாவது கூட்டத்துக்கு.

அல்கொன்குயினைக் குறை சொல்ல நான் வரவில்லை. 1893இல் தொடங்கிய பூங்கா அது. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் மூத்தது. குன்று குன்றாக மேப்பிள் மரங்கள் ஒரே கிழமையில் சிவந்து நிற்கும் காட்சிக்கு ஈடு சொல்ல முடியாது. ரொம் தொம்சன் என்ற ஓவியர் அந்த ஏரிக்கரைகளில் இருந்து வரைந்து வரைந்தே புகழ்பெற்று, 1917இல் அங்கேயே கனூ ஏரியில் இறந்துபோனார். போகக் கிடைத்தால் போங்கள்.

ஆனால் எங்கள் ஆட்கள் போகும் விதம் இருக்கிறதே! வீதி வெறுமையாக இருந்தாலே மூன்று மணித்தியால ஓட்டம். தாங்ஸ்கிவிங் விடுமுறையில் வீதி எங்கே வெறுமையாக இருக்கிறது? புளிச்சாதமும் கட்லற்றும் கட்டிக்கொண்டு இரண்டு குடும்பம் ஒரு வானில் ஏறி, பாதி நாளை வாகன வரிசையில் கழித்து, கழிவறை வரிசையில் மிச்சத்தைக் கழித்து, ஒரு மரத்தின் முன்னால் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டு இருட்டில் திரும்புவது. இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அங்கே மேப்பிள்கள் உச்ச நிறத்தில் இருப்பது பெரும்பாலும் செப்ரெம்பர் கடைசியிலும் ஒக்ரோபரின் முதல் நாட்களிலும். தாங்ஸ்கிவிங் வருவது ஒக்ரோபரின் இரண்டாவது திங்கள். அந்த நீண்ட விடுமுறைக்காகக் காத்திருந்து போகிறவர்களில் பலர், சிவப்பு கொட்டி முடிந்த காட்டைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். மஞ்சள் பொப்லர்கள் மட்டும் மிஞ்சியிருக்கும்.

அப்போது அந்த நிறம் எங்கே போயிருக்கும் தெரியுமா? தெற்கே இறங்கி எங்கள் தெருவுக்கு வந்திருக்கும். ஒன்ராறியோ ஏரி கோடைச் சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைத்திருப்பதால் ரொறன்ரோவில் குளிர் பிந்தி இறங்குகிறது. இங்கே ஒக்ரோபர் நடுப்பகுதியிலிருந்து மாதக் கடைசி வரைதான் உச்சம். அதற்கு முன்னும் பின்னுமாகச் சேர்த்தால் ஒன்றரை மாதத்துக்கு மேல், ஒவ்வொரு மரமாக முறைவைத்து மாறிக்கொண்டிருக்கும். வீட்டில் உள்ளவர்களில் அந்த நேரத்துப் பகல் வெளிச்சத்தில் தெருவில் நடக்கிறவர் நீங்கள் ஒருவர்தான். மகளும் மருமகனும் இருட்டோடு வெளிக்கிட்டு, நவம்பரில் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளிய பிறகு இருட்டோடுதான் திரும்புகிறார்கள். பேரப்பிள்ளை வகுப்பறையில். பின்னேரம் மூன்று மணிச் சாய்ந்த வெயிலில் எங்கள் தெரு மரங்கள் காட்டும் வடிவுக்குச் சாட்சி நாங்கள் மட்டுமே. நாங்களோ தலையைக் குனிந்து, வழுக்கிவிடுமோ என்று நிலத்தைப் பார்த்தபடி நடக்கிறோம்.

என் மனத்தாங்கல் அதுதான். ஊரில் எந்தக் கதியாலையும் தொட்டுப் பார்த்தே கிளுவையா, பூவரசா, முள்முருங்கையா என்று சொன்ன ஆட்கள் நாங்கள். எந்த வேம்பு எப்போது கொட்டும், எந்த மாமரம் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்க்கும், எந்தப் புளியின் கீழ் படுக்கக் கூடாது என்பதெல்லாம் எங்களுக்குப் பாடம். இங்கே வந்து பார்த்தால் நின்ற மரம் எல்லாம் "மேப்பிள்". லிண்டனும் மேப்பிள், பேர்ச்சும் மேப்பிள், கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் முள்ளில்லா லோகஸ்ற்றும் மேப்பிள். பெயர் தெரியாத இடத்தில் கண் தரித்து நிற்காது.

ஆகவே உங்கள் வாசலிலிருந்தே தொடங்குவோம். ஸ்காபரோவின் பழைய குடியிருப்புகளில் வீட்டுக்கு முன்னால் பெரிதாகக் குடை விரித்து நிற்பது பெரும்பாலும் நோர்வே மேப்பிள். இலை ஒன்றைக் காம்போடு பறித்து, காம்பை முறித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் நோர்வே மேப்பிள். தெளிந்த நீர் வந்தால் வேறு மேப்பிள். எருக்கிலும் ஆலிலும் பால் பார்த்துப் பழகிய கைகளுக்கு இது ஒரு நொடி வேலை. கோடை கடைசியில் அதன் இலையில் தார் தெறித்த மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஒருவகைப் பூஞ்சணம் அது, மரத்தைக் கொல்லாது.

இந்த மரம் கனடாவுக்குச் சொந்தமானதல்ல, ஐரோப்பாவிலிருந்து வந்தது. முன்னொரு காலத்தில் ரொறன்ரோத் தெருக்களில் எல்ம் மரங்கள் இரண்டு பக்கமும் நின்று மேலே கைகோத்திருந்தனவாம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பரவிய எல்ம் நோய் அவற்றை வரிசை வரிசையாகக் கொன்றது. அந்த வெற்றிடத்தை நிரப்ப, கெதியாக வளரும், புகையையும் உப்பையும் தாங்கும் மரம் என்று நோர்வே மேப்பிளை எங்கும் நட்டார்கள். ஸ்காபரோவின் வயல்கள் வீட்டுத் திட்டங்களாக மாறிய காலமும் அதுவே. இப்போது அதன் விதைகள் பள்ளத்தாக்குக் காடுகளுக்குள் புகுந்து, அடர்ந்த நிழலால் உள்ளூர்ச் செடிகளை எழும்ப விடாமல் செய்கின்றன என்று மரம் தெரிந்தவர்கள் திட்டுகிறார்கள். திட்டு நியாயம்தான். ஆனாலும் மற்ற மேப்பிள்கள் கொட்டித் தீர்ந்த பிறகு, ஒக்ரோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் இது தனியே மஞ்சளாகும்போது அந்தக் கோபத்தைத் தக்கவைப்பது கஷ்டம். மேகமூட்டமான பின்னேரத்தில் ஒரு நோர்வே மேப்பிளின் கீழே போய் நில்லுங்கள். மேலும் மஞ்சள், கீழும் மஞ்சள். உங்கள் முகத்திலும் அது விழும்.

இதே மரத்தில் கிறிம்சன் கிங் என்றொரு வகை உண்டு. கோடை முழுவதும் கருஞ்சிவப்பாக நிற்கும். அதைக் காட்டி, "பாருங்கோ, இப்பவே சிவந்திட்டுது" என்று ஆடி மாதத்தில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பிறந்த நிறம். இலையுதிர்காலம் வரும்போது இது ஒரு சோர்ந்த மண்ணிறத்தைக் காட்டிவிட்டுப் போய்விடும். எனக்கு இந்த மரத்தில் பெரிய பட்சம் இல்லை.

கொடியில் இருக்கும் மேப்பிள் இலையைத் தேடுகிறீர்களா? 1965 பெப்ரவரி 15ஆம் திகதி ஏற்றப்பட்ட அந்தக் கொடியில் இருப்பது பதினொரு முனையோடு வரைந்த ஒரு வடிவம். எந்த மரத்திலும் அப்படியே காய்க்காது. ஆனால் கிட்டத்தட்ட அந்த வடிவுள்ளது சுகர் மேப்பிள். நாற்பது லீற்றர் சாற்றைக் காய்ச்சி ஒரு லீற்றர் பாணி எடுப்பது இதிலிருந்துதான். ஒரே மரத்தில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு மூன்றையும் காட்டக்கூடியது. பழைய பண்ணை வீடுகள் நின்ற இடங்களிலும் பள்ளத்தாக்கு ஓரங்களிலும் அகப்படும். வீதிக்குப் போடும் உப்பு இதற்கு ஆகாது; அதனால் தெருவில் குறைவு. மார்க்கத்திலும் ஏஜெக்சிலும் புதுக் குடியிருப்புகளில் மகன்மார் வீடு வாங்கியிருந்தால், அங்கே வரிசையாகக் கொழுந்துவிட்டு எரியும் சிவப்பு பெரும்பாலும் ஃப்ரீமன் மேப்பிள். சிவப்பு மேப்பிளுக்கும் வெள்ளி மேப்பிளுக்கும் பிறந்த கலப்பு. மரம் இளசாக இருக்கும்போதே நிறம் காட்டும் என்பதால் வீடு கட்டி விற்பவர்களுக்கு அதில் விருப்பம்.

லோகஸ்ற்றை நீங்கள் ஏற்கெனவே வீட்டுக்குள் கொண்டுவந்திருப்பீர்கள். கடைத்தெரு வாகனத் தரிப்பிடங்களில் நின்று, ஒக்ரோபர் தொடக்கத்தில் சின்னஞ்சிறு மஞ்சள் இலைகளைச் சொரியுமே, சப்பாத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்து கம்பளத்தில் உதிருமே, அதுதான். இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடு நரம்பின் இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகச் சிற்றிலைகள். எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றினால் அது வீண் எண்ணமில்லை. அவரைக் குடும்பத்து மரம் இது. எங்கள் புளியும் வாகையும் அதே பெருங்குடும்பம். காய்க்கும் மரமாக இருந்தால் முறுக்கிய நீளக் காய்களைத் தொங்கவிடும்.

இப்படிச் சொந்தக்காரர் இன்னும் இருக்கிறார்கள். 401 நெடுஞ்சாலையின் மேட்டுச் சரிவுகளில், யாரும் நடாமலே கூட்டமாக நின்று செப்ரெம்பரிலேயே இரத்தச் சிவப்பாகும் குட்டை மரம் சூமாக். கிளை நுனியில் கருஞ்சிவப்புக் கூம்பு நிற்கும். சுதேச மக்கள் நெடுங்காலமாக அதை ஊறவைத்துப் புளிப்புப் பானம் செய்து குடித்து வருகிறார்கள். சூமாக்கும் மாமரமும் ஒரே குடும்பம். கசுவும் அதே குடும்பம். மாம்பழம் காணாத இந்தக் குளிரில் மாமரத்தின் உறவுக்காரி நெடுஞ்சாலை ஓரத்தில் சிவந்து நிற்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து 401 வாகன நெரிசலில் எனக்கு அலுப்புக் குறைந்துவிட்டது.

அந்தக் குடும்பத்தில் ஒரு கெட்ட பிள்ளையும் உண்டு. பள்ளத்தாக்கு நடைபாதைகளின் ஓரத்தில் மூன்று மூன்று சிற்றிலையாக, பளபளவென்று சிவந்து, "என்னைப் பறி" என்று கேட்டுக்கொண்டு கிடக்கும். பொய்சன் ஐவி. தொட்டால் நாளை முழுக்கச் சொறிந்து, அதற்குப் பிறகு கொப்பளித்து, கிழமைக் கணக்கில் படுத்தும். சேங்கொட்டைப் பால் பட்ட தோல் என்ன பாடு படும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இதுவும் அந்த வகையான எண்ணெய்தான். பேரப்பிள்ளை வடிவான இலை பொறுக்க ஓடும்போது இதை மட்டும் முதலில் காட்டிக் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "அம்மம்மா, ஏன் நிறம் மாறுது?" பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள் என்று தட்டிக்கழிக்காமல் நீங்களே சொல்லுங்கள். சிரமமில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம் சொச்சம்தான். ரொறன்ரோவில் அது ஆறரை மணித்தியாலம். ஊர் மரங்கள் இலை கொட்டுவது வறட்சிக்குத் தண்ணீரை மிச்சம் பிடிக்க. இங்கத்தைய மரங்கள் பகல் சுருங்குவதையும் குளிர் ஏறுவதையும் கணக்கு வைத்து, உறைபனிக்கு முன் கடையைக் கட்டுகின்றன. கட்டுவதற்கு முன் சாமான்களை உள்ளே எடுக்க வேண்டுமே? இலையில் உள்ள பச்சையத்தைக் குலைத்து, அதைத் தாங்கி நின்ற புரதங்களிலும் மற்றப் புரதங்களிலும் இருக்கும் நைதரசனில் பெரும்பங்கைக் கிளைக்கும் தண்டுக்கும் இழுத்துக்கொள்கிறது மரம். அடுத்த இளவேனில் துளிருக்கு அதுதான் கைமுதல். பச்சை போனதும், கோடை முழுக்க அதற்குள் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. பழுத்த மாம்பழத்தில் இருக்கும் அதே கரோட்டினொயிட்டு வகை நிறம்தான். ஆகவே மஞ்சள் புதிதாக வந்ததல்ல.

சிவப்பின் கதை வேறு. அது அந்தோசயனின். நாவற்பழத்திலும் கத்தரிக்காய்த் தோலிலும் இருப்பது. இலை சாகப்போகும் நேரத்தில், இருக்கும் சீனியைச் செலவழித்து, மரம் அதைப் புதிதாகச் செய்கிறது. மூட்டை கட்டி வீடு மாறப்போகிறவர் சுவருக்குப் புதிதாக வர்ணம் அடிப்பாரா? மரம் அடிக்கிறது. ஏன் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாக்குவாதம். பச்சையம் குலையும் நேரத்தில் வெயில் இலையைச் சுட்டுவிடாமல் இருக்கக் குடை பிடிக்கிறது என்பது ஒரு சாரார் விளக்கம். அசுவுணிப் பூச்சிகளுக்கு, "நான் திடகாத்திரமான மரம், இங்கே முட்டையிட்டால் உன் பிள்ளைகள் பிழைக்காது" என்று விடும் எச்சரிக்கை என்றார் வில்லியம் ஹமில்ற்றன் என்ற பிரித்தானிய உயிரியலாளர். அந்தக் கட்டுரை அவர் இறந்த பிறகு 2001இல் வெளிவந்தது. எனக்குக் குடைக் கதை சரியாகப் படுகிறது. பிள்ளைகள் எப்போதும் அசுவுணி பக்கம்.

குடைக் கதைக்கு ஒரு சாட்சியைத் தெருவிலேயே பொறுக்கலாம். சிவந்த மேப்பிள் இலைகளைக் குவியலில் புரட்டிப் பாருங்கள். சிலவற்றில் சிவப்பு நடுவே ஒரு மஞ்சள் திட்டு இருக்கும், ஓரம் வெட்டி ஒட்டியது மாதிரித் தெளிவாக. மரத்தில் இருந்தபோது இன்னொரு இலை அதன்மேல் கவிந்து வெயிலை மறைத்த இடம் அது. வெயில் படாத இடத்தில் மரம் சிவப்பைச் செலவழிக்கவில்லை. முழு மரத்திலும் இதைக் காணலாம்: தெற்குப் பக்கமும் உச்சியும் முதலில் சிவக்கும், உள்ளே நிழலில் இருப்பவை வெளிர் மஞ்சளோடு நின்றுவிடும். பேரப்பிள்ளையிடம், "நிழல் விழுந்த இலை ஒன்று கண்டுபிடித்துக் கொண்டு வா" என்று சொல்லிவிட்டால் வீடு போகும்வரை ஐபாட் நினைவு வராது.

வருடத்துக்கு வருடம் நிறம் ஏன் கூடிக் குறைகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். பகல் வெயிலும் இரவுக் குளிரும், உறையாத குளிர், மாறி மாறி வந்தால் சீனி இலையில் தங்கிச் சிவப்பு ஏறும். மழையும் புழுக்கமுமாக இழுபட்டால் மங்கல். கோடை வறண்டால் சில மரங்கள் வெள்ளெனவே ஓரம் கருகிக் கொட்டிவிடும். தெருவிளக்குக்கு மிகக் கிட்ட நிற்கும் கிளை மட்டும் இன்னும் பச்சையாக நிற்பதைக் கண்டிருக்கிறீர்களா? விளக்கு வெளிச்சத்தால் பகல் இன்னும் சுருங்கவில்லை என்று அது ஏமாந்துபோகிறது. 1936இலேயே நியூயோர்க்கில் ஒரு தாவரவியலாளர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். எங்கள் தெருவிலும் ஒரு மரம் அப்படி அரைப் பச்சையும் அரை மொட்டையுமாக நிற்கும்.

ஒரு சின்ன யோசனை. வெயில் நாளில், சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவில் மரம் வருமாறு நின்று பாருங்கள். வெளிச்சம் இலையை ஊடுருவி வரும்போது தெரிகிற நிறமும், முதுகுப் பக்கம் வெயில் விழும்போது தெரிகிற நிறமும் ஒன்றல்ல. மழை நாளை வீணென்று நினைக்காதீர்கள். நனைந்த தண்டு கறுக்கும். மஞ்சள் அதில் இன்னும் எழும்பும். கால் வழுக்காத சப்பாத்துப் போடுங்கள், அவ்வளவுதான்.

நடக்க ஏலாதவர்கள், அடுக்குமாடியின் பன்னிரண்டாம் மாடியில் இருப்பவர்கள், தங்களுக்கு இதில் பங்கில்லை என்று எண்ண வேண்டாம். மரத்தை மேலிருந்து பார்க்கும் பாக்கியம் வீடு வாங்கினவர்களுக்குக் கிடைக்காது. ஸ்காபரோவில் தெருவுக்குப் பின்னால் எங்கேயாவது ஒரு பள்ளத்தாக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஹைலண்ட் கிறீக், அதற்குக் கிழக்கே ரூஜ். எந்தக் காட்டுத்துண்டு முதலில் மாறுகிறது, எது பிந்துகிறது என்று பல்கனியில் தேத்தண்ணியோடு இருந்து குறித்துவைக்கலாம். பஸ் ஏற முடிந்தால், மோர்னிங்சைட் வீதி வழியே போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பிடியுங்கள். எல்ஸ்மியருக்கும் லோரன்ஸுக்கும் நடுவில் வீதி அப்படியே பள்ளத்தாக்குக்குள் இறங்கி ஏறும். 65 வயதுக்கு மேல் ரிக்கற்றில் கழிவு. பன்னிரண்டு வயது வரை பிள்ளைக்குக் காசே இல்லை. அல்கொன்குயின் பெற்றோல் செலவை ஒருமுறை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும் மருமகன்மார்.

பார்க்க முடியாமற் போனதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இந்தத் தெருக்களில் ஆஷ் மரங்கள் நிறைய நின்றன. வெள்ளை ஆஷ் இலையுதிர்காலத்தில் ஊதாவும் மஞ்சளும் கலந்து ஒரு நிறம் காட்டும். வேறெந்த மரத்திலும் நான் அதைக் கண்டதில்லை. ஆசியாவிலிருந்து மரப்பெட்டிகளோடு வந்திருக்கலாம் என்று கருதப்படும் மரகதப் பச்சை வண்டு ஒன்று 2007இல் ரொறன்ரோவில் கண்டுபிடிக்கப்பட்டது. பட்டைக்குக் கீழே அதன் புழு குடைந்து போகும் பாதையில் மரத்தின் உணவோட்டம் அறுந்துவிடும். நகரில் ஏறத்தாழ 860,000 ஆஷ் மரங்கள் இருந்தன, பெரும்பாலானவை போய்விட்டன. உங்கள் தெருவில் புல்லுக்கு நடுவே ஒரு அகலமான அடிக்கட்டையோ, இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவில் ஒரு சின்ன மரமோ நின்றால், அங்கே முன்பு ஆஷ் நின்றிருக்கக்கூடும். எல்ம் போன இடத்தில் ஒரே மரத்தை வரிசையாக நட்ட பிழை மறுபடி நடக்கக் கூடாதென்றுதான் இப்போது மாநகரசபை தெருவுக்குத் தெரு வகை மாற்றி நடுகிறது. எங்கள் பின்னேர நடையில் இத்தனை நிறம் கலந்து கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிங்கோவுக்கு ஒரு தனி எச்சரிக்கை: நாள் பார்த்துக்கொண்டிருங்கள். விசிறி வடிவ இலை, சுத்தமான மஞ்சள். மற்ற மரங்கள் கிழமைக் கணக்கில் சிந்தும்போது, இது ஒரு கடும் குளிர் இரவுக்குப் பிறகு காலையில் தொடங்கிச் சில மணித்தியாலங்களில் முழுவதையும் கொட்டிவிடும். காற்றே இருக்காது, இலை மட்டும் விழுந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடும்போது மரம் நிறைய இருந்தது, கூட்டிவரும்போது மொட்டை. பெண் மரமாக இருந்தால் கீழே விழும் பழம் நாறும். மூக்கைப் பொத்திக்கொண்டு பாருங்கள்.

எல்லாம் முடிந்தது என்று கையுறை தேடும் நவம்பரில் ஓக் தன் முறையைத் தொடங்கும். சிவப்பு ஓக் முதலில் ஆழ்ந்த சிவப்பு, பிறகு தோல் நிற மண்ணிறம். அதிலும் இளம் மரங்கள் காய்ந்த இலையைக் குளிர்காலம் முழுக்க விடாமல் பிடித்துவைத்திருக்கும். பனிக்காற்றில் அந்த இலைகள் சரசரக்கும் ஓசை காய்ந்த பனையோலை ஓசைக்குக் கிட்டத்தட்ட வரும். கிட்டத்தட்ட.

இனி வீட்டுச் சண்டைக்கு வருவோம். இலை வடிவு என்று நாங்கள் சொல்வோம். அதைக் கூட்டுவது யார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் பூவரசங்குழையும் வேப்பங்குழையும் வெட்டித் தோட்டத்தில் தாழ்த்து வெங்காயமும் மிளகாயும் செய்த பரம்பரை நாங்கள். இங்கே சனிக்கிழமை முழுக்க இலையைக் கூட்டிக் கடதாசிப் பைகளில் அடைத்து மாநகரசபை லொறிக்குக் கொடுத்துவிட்டு, சித்திரையில் கடைக்குப் போய்ப் பை பையாக எரு வாங்கி வருகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. நடைபாதையிலும் தண்ணீர் ஓடும் வாய்க்காலிலும் கிடப்பதைக் கூட்டத்தான் வேண்டும், வழுக்கும். மற்றதைப் பின்வளவுக்கு இழுத்து, கத்தரிக்கன்றும் பாகற்கொடியும் நின்ற பாத்தியில் பரப்பிவிடுங்கள். புல்வெட்டியை ஒருமுறை மேலால் ஓட்டிவிட்டால் இன்னும் கெதியாக உக்கும். மண்புழு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

மரமே இல்லாத வாசல்களும் எங்கள் தெருக்களில் இருக்கின்றன. இலை கூட்ட வேண்டும், குழாயை வேர் உடைக்கும், மூன்றாவது கார் நிறுத்த இடம் வேண்டும் என்று காரணம் சொல்லி வெட்டியவையும் உண்டு. இப்போது அப்படி நினைத்தபடி வெட்ட முடியாது. ரொறன்ரோவில், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளந்து 30 சென்ரிமீற்றர் விட்டமோ அதற்கு மேலோ உள்ள மரத்தை, அது உங்கள் சொந்த வளவில் நின்றாலும், அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. அதே நேரம், வீட்டுக்கு முன்னால் வீதியோரமாக இருக்கும் மாநகரசபைக் காணித்துண்டில் மரம் நட்டுத் தாருங்கள் என்று கேட்டால், இடம் பொருத்தமாக இருந்தால் காசு வாங்காமல் நட்டுத் தருகிறார்கள். மரம் அவர்களுடையது, கிளை வெட்டுவதும் அவர்கள் பொறுப்பு. 311க்குப் போன் எடுத்தால் போதும். ஆங்கிலம் ஓடாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

என்ன மரம் கேட்பது என்று வாசலில் என்னிடம் கேட்கிறீர்கள். பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்குமுன் நிறம் பார்க்க வேண்டுமென்றால் ஃப்ரீமன் மேப்பிள். இடம் சிறிதென்றால் சேர்விஸ்பெரி: இளவேனிலில் வெள்ளைப் பூ, கோடையில் தின்னக்கூடிய பழம், பிறகு செம்மஞ்சள் இலை. எங்கள் வாசலுக்கு நான் கேட்டிருப்பது சிவப்பு ஓக். அது பெருத்து நிற்கும் நாளில் நான் இருக்கமாட்டேன் என்று மகள் சொல்லிச் சிரித்தாள், சிரிக்கட்டும். மருமகனுக்கு இன்னும் விஷயம் தெரியாது. அவர் அந்த இடத்தில்தான் மூன்றாவது காரை விட யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி